உன் கையிலிருந்த லாகர்

ஹாலிஃபாக்ஸ்,
10 அக்டோபர் 1976

அன்புள்ள சிரிலுக்கு ('அன்புள்ள' என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன், அடித்துவிட மனமில்லை),

இங்கு நலம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஷீலா உன்னை ஸ்பெயினிலேயே விட்டுவிட்டு வேறொருவனோடு போய்விட்டாள் என்று படித்தேன். வருத்தப்பட முயற்சி செய்தேன், வரவில்லை. நம் பப்பில் கிளாஸ் கழுவ வந்தவள்தானே, உன்னையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வந்து, பழையபடி கவுண்டருக்குப் பின்னால் நிற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாசலுக்கு மேலே உரிமக்காரர் என்று இன்னும் உன் பெயர்தானே இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஊர்ச் செய்தி.

இந்த வருடக் கோடை வெயில் இங்கிலாந்தையே எப்படி வாட்டியது என்று பேப்பரில் பார்த்திருப்பாய். ஜூன் கடைசியில் பீர் வைக்கும் நிலவறைக்குள்ளேயே சூடு ஏறிவிட்டது. நீ பிள்ளைபோலப் பார்த்துக்கொண்ட அந்தக் கசப்பு பீர், பிட்டர், மூன்று பீப்பாயும் புளித்துப்போனது. காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை. கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அந்த நிலவறைப் படியில் என்னைக் கால் வைக்க விட்டாயா? "பொம்பளைக்கு அங்க என்ன வேலை, பீரு கோவிச்சுக்கும்" என்பாய். நீ இல்லாமலே அது கோபித்துக்கொண்டது.

அதனால் லாகர் வாங்கினேன். ஆமாம் சிரில், லாகர், நீ பீர் என்றே ஒத்துக்கொள்ளாத அந்த வெளிறிய அயல்நாட்டு பீர்தான். முத்திரையிட்ட இரும்புப் பீப்பாயில் வருகிறது. காஸைத் திறந்துவிட்டால் தானே மேலே ஏறும். தெளிய வைக்க வேண்டாம், காலையில் எழுந்ததும் போய் முகர்ந்து பார்க்க வேண்டாம். மொத்தத்தில் அதற்குப் புருஷன் தேவைப்படவில்லை. குழாய்க்கு அடியில் சொட்டுப் பிடிக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. நீ பிட்டர் குடித்த, இப்போது கொக்கியில் சும்மா தொங்கிய உன் வெள்ளீயக் குவளையை வைத்திருக்கிறேன்.

கம்பள மில்லில் வேலை பார்க்கும் கீத்தை ஞாபகம் இருக்கிறதா? ஸ்பெயினில் விடுமுறை முடிந்து வந்து லாகர் கேட்டான் என்பதற்காக, "இது ஆம்பளைங்க குடிக்கிற எடம்டா, சர்பத்து வேணும்னா ஒங்கம்மாகிட்ட போய்க் கேளு" என்று எல்லோர் முன்னாலும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாய். முதல் கிளாஸை அவனைக் கூப்பிட்டுத்தான் கொடுத்தேன். மறுநாள் அவன் பாதி மில்லைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

உன் கூட்டாளி ஹெர்பர்ட்தான் மசியவில்லை. பாட்டிலில் வரும் கறுப்பு ஸ்டவுட் பீரைக் குடித்துக்கொண்டு என்னை முறைப்பார். "சிரில் வரட்டும், இதையெல்லாம் தூக்கி ரோட்டுல வீசுவான்" என்று மற்ற கிழவர்களையும் லாகர் பக்கம் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் நீ அவருக்கு அனுப்பிய புகைப்படம் வந்தது. "பாரு ஃப்ரீடா, ராஜாவாட்டம் இருக்கான்" என்று கவுண்டரில் நீட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கடற்கரை, நாற்காலி, வெயிலில் சிவந்த உன் வழுக்கை. "அதெல்லாம் சரி, கையில என்ன இருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

உயரமான கிளாஸ். உள்ளே வைக்கோல் நிறத்தில் லாகர், பாதி குடித்தது. உன் மீசையில் நுரை வேறு!

ஹெர்பர்ட் படத்தைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். "துரோகிப் பய" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, எனக்கும் ஒண்ணு ஊத்து" என்றார். இப்போது கிழவர்கள் எல்லோரும் அதைத்தான் குடிக்கிறார்கள். படத்தைக் குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் யார் இவர் என்று கேட்டால், எங்கள் விளம்பரக்காரர் என்று சொல்கிறேன்.

வாசல் பெயர் விஷயம். ஜனவரியில் நீ அவளோடு கிளம்பினாய். மார்ச்சில் நான் மாஜிஸ்ட்ரேட்டுகள் முன்னால் நின்று பப் உரிமத்தை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். பெயின்டர் உன் பெயரைச் சுரண்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

வருவதென்றால் வா. வீட்டுக்குள் போகும் பின்கதவு உனக்குத் திறக்காது. சனிக்கிழமை மதியம், இடம் நிறைந்திருக்கும்போது முன்வாசல் வழியாக வா. கீத் நின்ற அதே இடத்தில் நின்று, லாகர் வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேள். உன் குவளையைக் கழுவி அதிலேயே ஊற்றித் தருகிறேன். அதற்கு மேல் என்ன என்பதை நீ குடித்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதுவரை வெயிலில் தொப்பியில்லாமல் திரியாதே. உன் தலை தாங்காது.

இப்படிக்கு,
ஃப்ரீடா கிரெய்வன்,
பீர் விற்க உரிமம் பெற்றவர்,
'வெள்ளைச் சேவல்' பப்