நீலாவின் பெயரில் இருந்த சர்வர்

ஹுப்ளி,
சிராவண சோமவாரம்.

அன்பு மகள் நீலாம்பிகைக்கு அவ்வா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம், அங்கே அந்த வெளிநாட்டுக் குளிரில் உன் இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதே என் நினைப்பு. அப்பாவுக்கு ஒரு ரொட்டிக்கு மேல் இறங்குவதில்லை, காரணம் கீழே எழுதுகிறேன். போனில் பேசப் பயமாக இருப்பதால்தான் தாளை எடுத்தேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் தம்பி வீரேஷும் அவன் சிநேகிதர்களும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு ஆப் செய்கிறார்களே, அதைச் சோதித்துப் பார்க்க நீ ஊரில் இருந்தபோது உன் பெயரில் மலிவாக ஒரு கிளவுட் சர்வர் எடுத்துக் கொடுத்தாய் அல்லவா, பலபேர் பங்கு போட்டுக்கொள்ளும் அந்த மெஷின், அதில் இவன் நிஜ நோயாளிகளின் பெயர், போன் நம்பர், ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டான். பாஸ்வேர்டைக்கூட மாற்றவில்லை. கேட்டால், வெறும் டெஸ்டிங்தானே அவ்வா, அதை எவன் எட்டிப் பாக்கப் போறான்னு இருந்துட்டேன் என்கிறான். எவனோ பார்த்துவிட்டான். எதிர்வீட்டு கஸ்தூரியின் மகள் சுமங்கலாவுக்கு தார்வாட்டில் சம்பந்தம் முடிவாகியிருந்தது உனக்குத் தெரியும். அவளுக்கு ஒருவன் போன் செய்து, நிச்சயதார்த்த போட்டோ எல்லாம் பாத்தேன், ஜோடி நல்லா இருக்கு, உங்க காசநோய் ரிப்போர்ட்டை மாப்பிள்ளை வீட்டுக்கும் அனுப்பட்டுமா என்று கேட்டு மிரட்டியிருக்கிறான். அந்த நோய் மருந்தில் எப்போதோ குணமாகிவிட்டது, அதனால் அவள் மதிக்காமல் போனை வைத்திருக்கிறாள். மறுநாளே அனுப்பிவிட்டான், கல்யாணம் நின்றுவிட்டது. கஸ்தூரி நம் கூடத்தில் உட்கார்ந்து, யார் குடியைடி நாங்க கெடுத்தோம் என்று அழுதபோது வீரேஷின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன், அவள் போனதும் பிடித்து உலுக்கினேன், எல்லாம் வெளியே வந்தது. உடனே அந்த சர்வரை அணைத்தான். ஆனால் கேஷ்வாபூரில் இன்னொரு வீட்டுக்கும் போன் வந்திருக்கிறது. அணைச்சு என்ன அவ்வா, அவன்தான் மொத்தத்தையும் நகல் எடுத்துட்டானே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

சிநேகிதர்கள் மூச்சு விடாதே என்றார்களாம். நான் கேட்கவில்லை, அவனை இழுத்துக்கொண்டு கஸ்தூரி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை, நீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள், திட்டியிருந்தால் தேவலை. அங்கிருந்து நேரே போலீஸுக்குப் போனோம். பதிவு உன் பெயரில் இருப்பதால் உன்னையும் விசாரிப்பார்களாம். கூப்பிட்டால் உள்ளதைச் சொல், தம்பியைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு வார்த்தையும் மாற்றாதே.

நேற்று மத்தியானம் என் போனுக்கே ஒருவன் பேசினான். நம் பக்கத்துக் கன்னடம், ரொம்ப மரியாதையான குரல். அம்மா, நீலா அக்கா கௌரி பண்டிகைக்கு வர்றாங்கல்ல, பெங்களூர்ல இறங்கி ரயில்ல வர்றாங்களா, இல்ல நான் கார் அனுப்பட்டுமா என்றான். போனை அப்படியே அணைத்துவிட்டு வீரேஷைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ அனுப்பிய டிக்கெட்டையும் வீரேஷ் அந்த சர்வரில்தான் போட்டு வைத்திருந்தானாம்.

இதைப் படித்த கையோடு அந்த டிக்கெட்டை ரத்து செய், மறக்காதே. கூடலசங்கமநாதன் உன் கூடவே இருக்கட்டும், எங்கே இருந்தாலும் நன்றாக இரு மகளே. இனி எப்போது வருவாய் என்று என்னிடம் சொல்லாதே, நானே போன் செய்து கேட்டாலும் சொல்லாதே. வருகிற அன்று வந்து கதவைத் தட்டு.

உன் அவ்வா,
கங்காம்பிகே