வேப்பிலை கட்டிய கேஸ் சிலிண்டர்

அக்கா, முதலில் பிள்ளைகள் சமாசாரம். மூத்த பேரன் சித்தூரில் பேங்க் மேனேஜர் ஆகிவிட்டான். அவன் தங்கை திருப்பதியில் டாக்டருக்குப் படிக்கிறாள். அவள் ஊசி போட்டால் வலியே தெரிவதில்லை என்று தெருவே சொல்கிறது. சின்னப் பேரன் தடா பக்கம் ஏசி செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். நீ இருந்தால் "போதும்டி, கண்ணு பட்டுடும்" என்பாய். நீதான் இல்லையே, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் புத்தூருக்கு வந்து என் அறை ஏசியைப் பிரித்தான். குழாயை லேசாகத் திருகியதும் 'புஸ்' என்றது. திருகின இடம் வெள்ளையாகப் பனி பூத்தது. நான் கையை நீட்டினேன்.

"ஆயா, தொடாதே. அமுக்கி வெச்ச கேஸ் வெளிய வந்தா விரியும். விரியும்போது சூட்டை இழுத்துக்கும். அதான் பனி."

"தெரியும் போடா. உங்க பெரிய ஆயா அப்பவே கண்டுபுடிச்சா" என்றேன். சிரித்தான். நம்பவில்லை.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் நாம். நீ மூத்தவள். வீட்டு முன்னால் சோடாக் கடை. ஆந்திரா தனியாகப் பிரிந்திருந்த சமயம். எந்தத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று இன்னும் முடிவாகவில்லை. உன் வீட்டுக்காரர் மட்டும் முடிவு செய்துவிட்டார். கங்கம்மா கோயில் ஜாத்திரை முடிந்ததும் சோடா மிஷினை விற்றுவிட்டுத் திருத்தணிக்குக் குடிபோவது. கண் தெரியாத உன் அம்மாவோ புத்தூரை விட்டு நகரமாட்டேன் என்றாள். அவளை விட்டுப் போக உனக்கு மனமில்லை. "ஜாத்திரையில சோடா நல்லா ஓடுச்சுன்னா மனுசன் மனசு மாறுவாருடி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

கங்கம்மா ஜாத்திரை அன்று ஆண்கள் இரண்டு பேரும் எல்லைக் கூட்டத்துக்குப் போய்விட்டார்கள். நீ மிஷினைச் சுற்றினாய், நான் பாட்டில் எடுத்துக் கொடுத்தேன். கூட்டம் நெருக்கவும், மிஷினுக்கு கேஸ் விடும் சிலிண்டரின் திருகை நன்றாகத் திறந்துவிட்டாய். கொஞ்ச நேரத்தில் கேஸ் நின்றுபோனது. பார்த்தால், அந்த வெயிலில், சிலிண்டர் வாயில் சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளைப் பனி.

சோடா குடிக்க வந்த கிழவி ஒருத்தி தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். "கங்கம்மா தல்லி! அம்மா எறங்கிட்டாடி!" இன்னொருத்தி வேப்பிலை ஒடித்து வந்து சிலிண்டர் கழுத்தில் கட்டினாள். மஞ்சளும் குங்குமமும் வந்து சேர்ந்தன. யாரும் திருகில் கை வைக்கக்கூடாது என்று சுற்றி நின்றுகொண்டார்கள்.

"கேஸ் தீந்து போச்சுக்கா" என்றேன்.

நீ கும்பிடுகிற மாதிரி சிலிண்டரைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தாய். "கனமாத்தான் கீது. உங்க மாமா சைக்கிளுக்குக் காத்து அடிச்சமே, பம்ப்பு கையைச் சுட்டுச்சே, ஞாபகம் கீதா? காத்தை அமுக்குனா சுடுது. இது அமுக்கி வெச்சது, வெளிய ஓடியாறப்ப குளுந்து போவுது. வாயிலயே ஒறஞ்சிக்கினு கீது. தீரலடி."

அப்புறம் நீ செய்ததை எந்த இன்ஜினியரும் செய்யமாட்டான். கிழவிகள் பக்கம் திரும்பினாய். "அம்மா எறங்கினா தண்ணி ஊத்த வேணாமா? இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க, கொடத்தை எடுங்க!"

அவ்வளவுதான். மஞ்சள் கரைத்த தண்ணீர் குடம் குடமாக வந்தது. வெயிலில் இருந்த தண்ணீர்; பனி கரைந்து தெருவில் ஓடியது. குடம் சாய்க்கிற சாக்கில் நீ திருகை மூடி, மறுபடி துளி மட்டும் திறந்தாய். 'உஸ்' என்றது. "அம்மா மூச்சு விடறா" என்று எவனோ சொன்னான். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாய். அழுகிறாய் என்று கிழவிகள் நினைத்தார்கள். அன்று நம் சோடா பிரசாதமாகவே போனது. ஒரு பாட்டில்கூட மிஞ்சவில்லை.

சாயங்காலம் வந்த உன் வீட்டுக்காரரிடம் கிழவிகளே கதையைச் சொல்லிவிட்டார்கள். அவர் காலிப் பாட்டில்களைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "நீயே ஓட்டிக்கினியா? அப்ப மிஷினை எதுக்கு விக்கணும்? கூடவே எடுத்துக்கினு போலாம். திருத்தணியில நீ சோடா பாத்துக்கோ, நான் மளிகை பாத்துக்கறேன்."

நீ பாட்டில் கழுவும் தொட்டியில் கையை விட்டபடியே இருந்தாய்.

மிஷினும் நீயும் ஒரே வண்டியில் போனீர்கள். "அம்மாவைப் பாத்துக்கோடி" என்றாய். கடைசிவரை நான்தான் கஞ்சி ஊற்றினேன். என் கையைத் தடவித் தடவி, "பெரியவளா வந்துக்கிறா?" என்று கேட்பாள். பிறகு எல்லைக் கோடும் விழுந்தது. திருத்தணி மெட்ராஸோடு போனது. நாங்கள் இந்தப் பக்கம், ஆந்திராவோடு.

இன்றைக்கும் எது இறுகிக்கொண்டாலும் நான் முறுக்குவதில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டுச் சும்மா நிற்பேன். மருமகளிடமும் அப்படித்தான், தண்ணீர் மட்டும் ஊற்றுவதில்லை.

அதற்குப் பிறகு உன்னைக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும்தான் பார்த்தேன். அங்கே எல்லோரும் அதற்கென்று ஒரு முகம் வைத்துக்கொண்டுதான் வருவோம். திருத்தணியில் அந்த மிஷினைச் சுற்றிக்கொண்டிருந்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதனால் உன் மகனுக்குப் போன் செய்தேன். மாலை போட்ட படம் வேண்டாம், அம்மா கடையில் நின்ற படம் இருந்தால் புதிதாக ஒன்று பிரிண்ட் போட்டு அனுப்பு என்றேன். "வாட்ஸப்புல அனுப்பறேன் சின்னம்மா" என்கிறான். அது வேணாம்டா, கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், தபாலில் போடு என்று சொல்லியிருக்கிறேன்.