ராசாத்தி மேலே வந்த கதை

பன்வில,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்புக்குரிய அவருக்கு,

சிந்துஜா எழுதுகிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் முருகன் துணையிருக்க வேண்டும். நாங்கள் இங்கே சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம், மழையில் நனைகிறோம். அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

இதை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போகும் தம்பி ஸாகிக்கு முதலில் ஒரு வார்த்தை. தம்பி, உங்களை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் இவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறீர்கள் என்று அங்கிருந்து ஊர் திரும்பிய ரிஸ்கான் சொன்னார். போனைக் கொடுத்தால் இவர் வாங்க மாட்டாராம். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். ரிஸ்கான் இதைப் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புவார். ஒரு வரியும் விடாமல் வாசியுங்கள். போதும் என்று இவர் கையைக் காட்டினாலும் நிறுத்தாதீர்கள்.

நீங்கள் கடைசியாகப் பேசியபோது, கிடங்கு வேலை என்று ரஷ்யாவுக்குக் கூட்டிப்போனவர்கள் பட்டாளச் சட்டையை மாட்டிவிட்டார்கள் என்று சொன்னீர்கள். நாளைக்குச் சண்டை நடக்கிற பக்கம் அனுப்புகிறார்கள் என்று சொல்லும்போதே பேச்சு அறுந்துவிட்டது. பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. உங்களோடு போன மாத்தளைப் பையன் ஒருவன்தான் கடைசியில் சொல்லி அனுப்பினான், நீங்கள் இருந்த பதுங்குகுழியில் நம் நாட்டு ஆட்கள் ஒருவரும் மிஞ்சவில்லை என்று.

அத்தை அன்று அடுப்படியில் உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு வாசலுக்கே வரவில்லை. மாமா அழவில்லை. கொஞ்ச நாள் போனதும், உடம்பு கிடைக்காவிட்டாலும் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் பிள்ளை அலைவான் என்று சொல்லிக் கருமாதிக்கு நாள் பார்த்துவிட்டார். நான் மாட்டேன் என்றேன். லயத்து வீடுகளில் உள்ள பெரியவர்கள் வந்து புத்தி சொன்னார்கள். இன்னும் எவ்வளவு நாளைக்குடி பொட்டோடு திரிவாய் என்று ஒருத்தி கேட்டாள். யாரென்று எழுதமாட்டேன். நீங்கள் வந்து சண்டைக்குப் போவீர்கள்.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது உங்கள் ரஷ்யப் பேய்ப்படம். கண்டியில் நீங்கள் வேலை செய்த டிவிடி கடையை மூடியபோது, சம்பளத்தோடு முதலாளி கொடுத்துவிட்டது. கறுப்பு அட்டையில் சிவப்புக் கோட்டுக்காரி நிற்பாளே, அந்த இரண்டாம் பாகம். முதல் பாகம் கடைக்கே வரவில்லை. அதையும் நீங்களே கட்டிச் சொல்லிவிட்டுத்தான் இதைப் போட்டீர்கள். செத்தவர்களை ஏற்றிக்கொண்டு ஓடும் சுரங்க ரயில். அதில் டிக்கட் பார்க்கிறவன், இறந்துபோன தன் மனைவியைத் தேடி ஒவ்வொரு பெட்டியாகப் போகிறான். கீழே ஓடும் இங்கிலீசை வாசித்து நீங்கள் தமிழில் சொல்ல, நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். அந்தப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை என்று அவனுக்கு மாணிக்கம் என்றும் அவளுக்கு ராசாத்தி என்றும் பெயர் வைத்தீர்கள். கீழே ஆட்சி செய்கிற கம்பளிக் கோட்டுக்காரனுக்குப் பெரிய தொரை. அத்தை அவனைப் பார்த்து உண்மையிலேயே திட்டினார்.

முடிவு நெருங்கும்போது, இதற்கு மேல் டிஸ்க் சிக்கும் என்று சொல்லி நிறுத்திவிட்டீர்கள். மிச்சத்தை வாயாலேயே சொன்னீர்கள். ராசாத்தி படியேறி மேலே வந்துவிட்டாள், வெளியே பனி கொட்டியது, மாணிக்கம் அவளுக்கு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தான் என்று. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லா இருக்கட்டும் என்றார்.

நீங்கள் நடக்கிற தெரு எப்படியிருக்கும், எவ்வளவு குளிரும் என்று பார்க்கத்தான் அதை நான் மறுபடி போட்டேன். டிஸ்க் எங்கேயும் சிக்கவில்லை. முடிவுவரை ஓடியது. அவள் மேல் படிவரை வருகிறாள், அவனைப் பார்க்கிறாள், பிறகு திரும்பி இறங்கிப்போய்விடுகிறாள். அவன் பனியில் தனியாக நிற்கிறான். நான் டிவியை நிறுத்திவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

போன ஞாயிறு, கருமாதிக்குச் சாமான் வாங்க மாமா கிளம்பிக்கொண்டிருந்தபோது, ஒரு பையன் நொண்டிக்கொண்டே நம் லயத்துப் படியேறி வந்தான். கூடவே அவனுடைய தாய். அக்குறணையிலிருந்து கண்டிக்கு வந்து, வத்தேகம பஸ் பிடித்து, பன்வில டவுனில் விசாரித்து வந்திருக்கிறார்கள். பெயர் ரிஸ்கான், தாய் ஆஸியா உம்மா. ரஷ்யாவுக்குப் போன ஆள் வீடு இதுதானா என்று கேட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தன்னோடு ஒரு அண்ணன் இருந்தார், பெயரைச் சொல்லவே இல்லை, பேச்சுவாக்கில் ஒருநாள் எங்க பன்வில என்று சொல்லிவிட்டார், அதை வைத்துக்கொண்டுதான் வந்தோம் என்றார் ரிஸ்கான். மாமா உங்கள் கல்யாணப் படத்தைக் காட்டினார். ரிஸ்கான் வெகுநேரம் பார்த்தார். பிறகு, சொல்லத் தெரியவில்லை மாமா, அவருடைய முகம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது என்றார். மாமா படத்தை வாங்கி மறுபடி ஆணியில் மாட்டினார். பன்விலயில் இருந்து எத்தனையோ பேர் வெளிநாடு போயிருக்கிறார்கள், எங்களுக்கு வீண் ஆசை காட்டாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

நான்தான் விடவில்லை. அந்த அண்ணன் வேறு என்ன பேசுவார் என்று கேட்டேன். குடும்பத்தைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார் என்றார். அவரை அங்கே படக்கார அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்களாம். வார்டில் ஒரு பழைய டிவிடி பெட்டி, அதில் போட ஒரேயொரு படம். நர்ஸ் பொம்பிளை அதைத்தான் திரும்பத் திரும்பப் போடுவாளாம். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது அக்கா, அண்ணன்தான் தமிழில் சொல்லித் தருவார் என்றார்.

என்ன படம் என்று கேட்டேன்.

ரயில் படம் அக்கா, மாணிக்கம் என்று ஒருத்தன், ராசாத்தி என்று ஒரு பொம்பிளை என்று அவர் தொடங்கினார். அடுப்படியில் இருந்த அத்தை எழுந்து வாசலுக்கு வந்தார். ரிஸ்கானுக்கு அது விளங்கவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் அவ கீழ போயிடுறாதான் அக்கா, நாங்க எல்லாரும் கண்ணால பாத்ததுதான், ஆனா அண்ணன் மட்டும் கேக்கவே மாட்டார், அது வேற பொண்ணுடா தம்பி, ராசாத்தி மேல வந்துட்டா, இப்ப பிளேன்டீ குடிச்சிக்கிட்டு இருப்பா என்று அடிச்சுச் சொல்லுவார் என்றார்.

அத்தை அந்தப் பையனின் காலைப் பிடித்துக்கொண்டார். ஆஸியா உம்மா அவரைத் தூக்கித் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து அழுததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். நம் மகள் சஞ்சீவனி ஒன்றும் விளங்காமல் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரிஸ்கானை நீங்கள் கோபிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் ஊரில் சொல்லமாட்டேன் என்று உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அவர் பார்த்தார். படத்தைப் பற்றிச் சொன்னபோது, இப்ப பனி கொட்டுதா, அவ படியில ஏறுறாளா என்று அண்ணன் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பார் என்று சொல்லிவிட்டார். டிவி முன்னால் இருக்கிறவர் ஏன் கேட்க வேண்டும் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லு மகன், மறைச்சி என்ன வரப்போகுது என்று உம்மா சொன்ன பிறகுதான் சொன்னார். அவர் கிளம்பிய பிறகு கட்டைப் பிரித்தும் உங்களுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது என்று தம்பி ஸாகி போனில் சொன்னாராம். குரலையும் பாட்டையும் கேட்டே முழுப்படத்தையும் சொல்கிறீர்களாம்.

மாமா அன்றைக்குச் சாமான் வாங்கப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அத்தையிடம் கண் விசயத்தை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவருக்கு முன்னமே விளங்கியிருந்தது. கண்ணு போனா என்னடி, கூப்பிட்டா ஏன்னு கேப்பான்ல, அது போதும் எனக்கு என்றார். அன்று சோறு ஆக்கியதும் அவர்தான்.

எனக்குத் தாங்க முடியாதது கண் இல்லை. எம்பசி ஆட்கள் வார்டுக்கு வந்து, ஊருக்குப் போக விருப்பமான இலங்கை ஆட்கள் யார் என்று கேட்டார்களாம். ரிஸ்கான் கை தூக்கினார், வந்து சேர்ந்துவிட்டார். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, எனக்கு யாரும் இல்லை என்று சிங்களத்தில் சொன்னீர்களாம். அதைக் கேட்டபோது உங்கள் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சுமையாக இருப்பேன் என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இத்தனை பேர் முன்னால் பொட்டை அழிக்கமாட்டேன் என்று நின்றவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இதற்கு மேல் எழுதினால் தம்பி ஸாகி சங்கடப்படுவார். எழுத நிறைய இருக்கிறது. அதெல்லாம் மூன்றாம் ஆள் வாசிக்கக் கூடியது இல்லை.

எம்பசி ஆட்கள் இந்த மாதமும் வருவார்களாம். வந்தால் சுவர்ப்பக்கம் திரும்ப வேண்டாம். எழுந்து உட்காருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். தகப்பன் பெயர் கறுப்பையா, தாய் அழகம்மா, ஊர் பன்வில என்று சொல்லுங்கள். மனைவி இருக்கிறாளா என்று கேட்டால், இருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

முருகன் உங்களை வழிநடத்தட்டும்.

சிந்துஜா ஜீவன்