வண்ணத்துப்பூச்சிகளுக்கு வைத்த தண்ணீர்

ஜூன் 16, திங்கள்
இன்று பள்ளித் தோட்டத்தில் பதினேழு வண்ணத்துப்பூச்சிகள். கறிவேப்பிலைச் செடியில் புழுக்களும் இருக்கின்றன. என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளைக்குக்கூட விளையாடப் போகவில்லை. ஆஸிகா மட்டும் வரவில்லை. காய்ச்சலாம்.

ஜூன் 17, செவ்வாய்
ஆஸிகாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.
கேட்டதும் தோட்டத்துக்கு ஓடினேன். வண்ணத்துப்பூச்சிகள் குடிக்க நான் வைத்த மண்தட்டுகள் ஆறும் மூன்று வாரமாகப் பெய்த மழையில் நிரம்பியிருந்தன. இரண்டில் டெங்கு நுளம்பின் குடம்பிகள் சின்னச் சின்னப் புழுக்களாய் நெளிந்தன. யாரும் பார்க்கும் முன் வெயில் பட்ட மண்ணில் கொட்டினேன்.

ஜூன் 18, புதன்
சுகாதாரப் பரிசோதகர் வந்து பள்ளிக் கூரையையும் வடிகாலையும் பார்த்தார். "வேற எங்கயாவது தண்ணி தேங்குதா, டீச்சர்?"
இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?
வீட்டில் ரமேஸிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "கொட்டியாச்சுல்ல? நீயாப் போய் ஏன் மாட்டிக்கிற?" என்கிறார். கட்டிய மனைவி மேல் அக்கறை, அவ்வளவுதான். ஆனால் கொட்டும் முன்பே எத்தனை நுளம்புகள் பறந்துபோயினவோ?

ஜூன் 19, வியாழன்
ஆஸிகாவுக்குப் பிளேட்லட் இருபத்திரண்டாயிரமாக இறங்கிவிட்டதாம். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டுமாம்.

ஜூன் 20, வெள்ளி
காலையில் பள்ளி அதிபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே பரிசோதகரை அழைத்தார். பிற்பகல் தோட்டத்துக்குப் புகை அடித்தார்கள். கறிவேப்பிலைப் புழுக்கள் உதிர்ந்து கிடந்தன. அதற்கு அழ எனக்கு என்ன உரிமை?
அப்படியே ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். ஆஸிகாவின் உம்மா ருக்கியா வார்ட் வாசலில் நின்றார். தட்டுகளைப் பற்றிச் சொன்னேன் — பொய் சொன்னதையும்.
 "எங்கட வீட்டுக் கூரைத் தண்ணி ஓடுற பீலியிலயும் புழு இருந்திச்சாம். எது கடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்," என்றார். "ஆனா அவர் கேட்டப்பவே நீங்க சொல்லியிருக்கணும், டீச்சர்."
உள்ளே போய்விட்டார்.

ஜூன் 22, ஞாயிறு
போன் அடிச்சா பயமா இருக்கு. அடிக்கலைன்னா அதைவிடப் பயம்.

ஜூன் 23, திங்கள்
பிளேட்லட் எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிட்டதாம். அதிபர் சொன்னபோது அவர் அறைக் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி
ஆஸிகா வீடு திரும்பி ஒரு வாரம். இன்றிலிருந்து வெள்ளிதோறும் பள்ளித் துப்புரவு. பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். உதவிக்கு வரச்சொல்லிப் பெற்றோருக்கு எழுதியிருந்தேன். காலை ஏழு மணி வரை யாரும் இல்லை. ஒருவரும் வரப்போவதில்லை என்றுதான் நினைத்தேன்.
கேற்றைத் திறந்துகொண்டு ருக்கியா வந்தார், கையில் விளக்குமாறு.
"எந்தப் பக்கம் முதல்ல, டீச்சர்?"
"கன்டீனுக்குப் பின்னால. அங்கயும் தண்ணி தேங்குது," என்றேன். இருவரும் போனோம்.