வைக்கோல் உருளைகளுக்கு அந்தப் பக்கம்

ஒபுஸோன், 15 செப்டம்பர்

அன்புள்ள அண்ணா,

இன்று காலை காப்பிகூடக் குடிக்காமல் நான் செய்த முதல் வேலை, பாதையை மறித்து நீ அடுக்கிய வைக்கோல் உருளைகளின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தது. முதலில் சைக்கிளைத் தள்ளிவிட்டேன், பிறகு நான். முழங்காலில் நல்ல சிராய்ப்பு. நாற்பத்தாறு வயதில் குதிக்கவைத்ததற்கு நன்றி.

தொலைபேசியில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

மேயர் அலுவலகக் கதவில் அறிவிப்பைப் பார்த்தேன். உன் இரண்டு வயல்களுக்கு நடுவே போகும் ஊர்ப் பாதையை உனக்கு விற்கப்போகிறார்களாம். காரணம், "ஆள் நடமாட்டம் இல்லை." ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் ஆறு பெண்கள் அதில் சைக்கிளில் போகிறோம். அந்தப் பாதை இல்லாவிட்டால் மரம் ஏற்றிய லாரிகள் ஓடும் மெயின் ரோட்டில்தான் சுற்றிப் போகவேண்டும். ஞாயிறு சவாரிக்கு நான் போட்டுக்கொடுத்த சுற்றுப்பாதை முழுவதும் அந்தச் சின்னத் துண்டை நம்பித்தான் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆள் வராத பாதைக்கு எதற்கு அடைப்பு?

உடம்பைப் பார்த்துக்கொள். அந்தத் தோள்பட்டை வலிக்கு மருத்துவரிடம் போனாயா?

உன் தங்கை,
செவெரீன்

&nbsp;

லா வெர்ஞ், 22 செப்டம்பர்

செவெரீன்,

தோள்பட்டை இருக்கிறது. அதற்கு மேல் கேட்காதே.

சரளைக்கல்லில் ஓட்டத் தனியாக ஒரு சைக்கிளாம், அதன் விலைக்கு நான் ஒரு கன்று வாங்குவேன். அதே சரளையில் அப்பா துருப்பிடித்த சைக்கிளில் பால்கேனோடு போனார். அவருக்கு யாரும் சுற்றுப்பாதை போட்டுக்கொடுக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு கேட் திறந்து கிடந்து நாலு கிடேரிகள் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டன. யார் திறந்தது? வெயில் நாளில் நீங்கள் ஆறு பேரும் கல்லறைத் தோட்டக் குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு, மதில்மேல் உட்கார்ந்து சிரிக்கிறீர்கள். அப்பா படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். கசாப்புக்கடையில் என்னிடமே கேட்கிறார்கள்: "என்ன தியெரி, உன் தங்கச்சி கூட்டம் இந்த வாரமும் வந்துச்சா?"

அந்தப் பாதை எங்கே போகிறது, சொல் பார்ப்போம். அத்தை உனக்கு எழுதிவைத்த ஓட்டைக் கூரை வீட்டுக்கு. அத்தை போனபிறகு அங்கே ஒரு விளக்கு எரிந்ததில்லை. ஆளில்லாத வீட்டுக்குப் போகிற பாதை ஆளில்லாத பாதைதான். மேயர் ப்ரூனேயும் அதையேதான் சொல்கிறார்.

இன்னொன்று. சிவப்புத் தலைக்கவசம் போட்ட ஒருத்தி என் முற்றத்தைக் கடக்கும்போது மட்டும் வேகமாக மிதிக்கிறாள். என் வீட்டில் என்ன கொள்ளைநோயா இருக்கிறது?

தியெரி

&nbsp;

ஒபுஸோன், 29 செப்டம்பர்

அண்ணா,

கிடேரிகள் ஓடிய ஞாயிறு கொட்டும் மழை. நாங்கள் வரவே இல்லை. காளான் பொறுக்க வந்தவர்களைக் கேள். ஆக, காளான்காரர்களும் வருகிறார்கள்! நடமாட்டம் இல்லாத பாதையில் எத்தனை நடமாட்டம், பார்த்தாயா?

கல்லறையில் சிரித்தோம், உண்மைதான். அப்பா சிரிப்புக்கு முகம் சுளிக்கிறவர் இல்லை. முகம் சுளிக்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்ததென்று அம்மாவே கேட்பார்.

ப்ரூனேயை நேரில் பார்த்து என் ஆட்சேபத்தைச் சொல்லிவிட்டேன். "ஏம்மா, அண்ணன் தங்கச்சி சண்டைய ஊர் மன்றத்துக்குக் கொண்டு வரலாமா? கொஞ்சம் சுத்திப் போனா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றார். "குறைய மாட்டோம் சார், லாரிக்கு அடியில போயிடுவோம்" என்றேன். பேனாவை மூடித் திறந்துகொண்டே இருந்தார்.

சிவப்புத் தலைக்கவசம் நதேஜ் அண்ணி. இரண்டு வருடமாக எங்களோடு வருகிறார். விவாகரத்து உனக்கும் அவருக்கும்தான். எனக்கு அண்ணி அண்ணிதான். உன் முற்றத்தில் அவர் வேகமாக மிதிப்பது ஏனென்று நான் கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு வரும் கேட்டில் ஒவ்வொரு முறையும் இறங்குவது அவர்தான். முழங்காலால் ஒரு முட்டுக் கொடுத்தால்தான் அந்தத் தாழ்ப்பாள் விழும் என்பது எங்களில் வேறு யாருக்குத் தெரியும்? உன் மாடுகள் ஓடாமல் இருப்பது அவரால்.

செவெரீன்

&nbsp;

லா வெர்ஞ், 6 அக்டோபர்

செவெரீன்,

இரண்டு வருடம்! இரண்டு வருடமாக என் முற்றத்தின் முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கையில் சாணத்தோடு, அழுக்கு பூட்ஸோடு நிற்பேன். அவள் பார்த்திருப்பாள். இந்த ஆள் இன்னும் அதே பச்சைக் கம்பளிச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்திருப்பாள்.

உருளைகளுக்கு மேல் முள்கம்பியும் கட்டியாகிவிட்டது. இனி எப்படிக் குதிக்கிறாய், பார்க்கிறேன்.

தி.

&nbsp;

ஒபுஸோன், 20 அக்டோபர்

அண்ணா,

போன ஞாயிறு முள்கம்பியைப் பார்த்தோம். திரும்பி மெயின் ரோட்டில் போனோம். மரம் ஏற்றிய லாரி ஒன்று எங்களை ஒட்டி உரசுவதுபோலப் போனது. அதன் காற்றிலேயே அண்ணி பள்ளத்தில் விழுந்துவிட்டார். காறை எலும்பு முறிந்திருக்கிறது. தலைக்கவசம் இரண்டாகப் பிளந்தது. தலைக்கு ஒன்றுமில்லை. கெரே மருத்துவமனையில் இருக்கிறார்.

உன்னிடம் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார். "அவன்கிட்ட சொல்லாத. அந்த மடையன் தன்னாலதான்னு நினைச்சு ராத்திரி பூரா தூங்கமாட்டான்." நான் சத்தியம் செய்யவில்லை. நீ தூங்காமல் இருப்பது நல்லதென்று எனக்குத் தோன்றியது.

இந்த முறை உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதப்போவதில்லை.

செவெரீன்

&nbsp;

லா வெர்ஞ், 26 அக்டோபர்

செவெரீன்,

கம்பியை எடுத்துவிட்டேன். உருளைகளையும் தள்ளிவிட்டேன்.

மருத்துவமனைக்குப் போனேன். ரொட்டிக் கடையில் ஹேசல் கொட்டை கேக் வாங்கிப் போனேன். வாசலில் நின்று, "வலிக்குதா?" என்றேன். "மெத்தை மோசம். உன் வைக்கோல் உருளையே தேவல" என்றாள். கேக் காய்ந்துபோயிருக்கிறது என்றும் சொன்னாள். முழுவதையும் தின்றாள். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கேட்டின் கீலை மாற்றிவிட்டேன். இனி முட்டுக் கொடுக்கவேண்டாம். ஒரு கையாலேயே திறக்கலாம், மூடலாம்.

ஆனால் பாதையை வாங்கக் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறமாட்டேன், சொல்லிவிட்டேன். ஆறு பொம்பளைகளின் சைக்கிளுக்குப் பயந்து பின்வாங்கினான் என்று கசாப்புக்கடையில் நாலு பேர் பேசுவதை நான் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. நவம்பர் 29 மன்றம் கூடுகிறது. விற்பதாகத்தான் முடிவாகும், ப்ரூனே சொல்லிவிட்டார். வாங்கினபிறகும் உங்களைப் போகவிடுவேன். அது என் வாக்கு. இதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு?

தியெரி

&nbsp;

ஒபுஸோன், 3 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

இன்று தனியாகத்தான் வந்தேன். பனி விலகாத நேரம். பாதை முழுக்க ஓக் இலை, சக்கரத்துக்கு அடியில் காய்ந்த ரொட்டிபோல் நொறுங்கியது. உன் கேட்டை ஒரு கையால் திறந்து பார்த்தேன், ஒரு கையால் மூடினேன். சத்தமே இல்லை. நன்றாகச் செய்திருக்கிறாய். அண்ணியிடம் சொன்னேன். "கல்யாணமாகி பதினாறு வருஷம் அந்தக் கீலை மாத்தச் சொல்லிக் கேட்டேன்" என்றார்.

உன் வாக்கை நான் நம்புகிறேன். ஆனாலும் அது வேண்டாம். நேற்றுவரை எனக்கு உரிமையாக இருந்ததை நாளைமுதல் நீ தயவாகத் தருவாய், நான் வாங்கிக்கொண்டு தலையாட்டவேண்டுமா? நீ நல்லவன். உனக்குப் பிறகு அந்த நிலம் யார் கைக்குப் போகுமோ, அவனும் நல்லவனாக இருப்பானா? காளான் பொறுக்க வருகிற கிழவர் அவனிடம் போய்த் தொப்பியைக் கழற்றி நிற்கவேண்டுமா? நான் யாரிடமும் அனுமதி கேட்டு அந்தப் பாதையில் போகமாட்டேன். உன்னிடமும்தான்.

கேட்டுக்கு அப்பால் நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். நீ சொன்னது சரிதான், கூரை ஓட்டை. சமையலறையில் வானம் தெரிகிறது. அடுப்பு நன்றாக இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. படிக்கட்டில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைத் தின்றேன். "ஆளில்லாத வீட்டுக்குப் போகிற பாதை" என்று நீ எழுதியதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக அந்த வரி என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அதற்கான பதிலையும் நீயே அதில் எழுதிவிட்டாய் என்பது படியில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

நான் அங்கே குடிவரப்போகிறேன், அண்ணா. இந்த மாதம் 29க்கு முன்னால். ஓடு மாற்றும்வரை கூரைமேல் தார்ப்பாய் போட்டுக்கொள்வேன். குளிரும், தெரியும். இப்போதிருக்கும் மருந்துக்கடை மாடி வீட்டில் இத்தனை வருடம் கதகதப்பாகத்தான் இருந்தேன், அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. பள்ளிக்கூட வேலைக்கு அங்கிருந்தே சைக்கிளில் போவேன். என் கூரைக்கடியில் விளக்கு எரியும்போது, என் வீட்டுக்கு வண்டி வரக்கூடிய ஒரே வழியை ப்ரூனே எப்படி விற்கிறார், பார்க்கலாம். கசாப்புக்கடையில் கேட்டால், "என் தங்கச்சி வீட்டுக்குப் போற வழி, அதை நான் எப்படி வாங்குறது?" என்று சொல்லிக்கொள். பின்வாங்கினதாக யாரும் சொல்லமாட்டார்கள்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியிடம்கூட. இந்தக் கடிதத்தை நாளை தபாலில் சேர்க்கும்வரை, எனக்கும் அந்த ஓட்டைக் கூரைக்கும் மட்டும்தான் தெரியும்.

தினமும் காலையில் உன் முற்றத்தின் வழியாகத்தான் போவேன். வேகமாக மிதிக்கமாட்டேன். பதில் எழுதாதே. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு, அடுப்பு எரியும். வரும்போது கேட்டை மூடிவிட்டு வா.

உன் தங்கை,
செவெரீன்