நிறுத்தச் சொன்ன குடை

உன் கறுப்புக் குடை என் மேசையருகே சாய்ந்து நிற்கிறது. துணி முழுவதும் நனைந்து, முனையிலிருந்து நீர் சொட்டித் தரையில் ஒரு சிறு குளம் கட்டியிருக்கிறது. இத்தனை நனைந்தும் இன்று அது விரிந்தது ஒரே ஒரு முறைதான். உனக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு அதுவே காரணம்.

நேற்றைய காற்றில் நம் சந்து முனையிலுள்ள தூங்குமூஞ்சி மரத்தின் பெருங்கிளை ஒன்று மறுபடியும் முறிந்து தொங்கியது. இடக்கொச்சியில் படகுகளைக் கரையேற்றும் அனிலை டிராக்டரோடு வரச் சொன்னோம். வந்து இறங்கியவன் மரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "சாரே, குடை எவிடே?" என்று கேட்டான். அப்போது வானம் வெளுத்திருந்தது. மழையில்லாத வேளையில் ஒருவன் குடை கேட்பதன் பொருள் மட்டாஞ்சேரியில் இந்த ஒரு சந்துக்கு மட்டுமே தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் இதே மரத்தை முதன்முறை முறித்த புயலுக்கு மறுநாள் காலையை நினைத்துக்கொண்டேன். அன்று முறிந்த கிளை, பாதி அடிமரத்தில் ஒட்டிக்கொண்டும் பாதி எதிர்மதிலில் சாய்ந்தும் சந்தின் ஒரே வாயை அடைத்திருந்தது. முந்தைய நாளே நடந்திருக்க வேண்டிய உன் டயாலிசிஸ், புயலால் தள்ளிப்போயிருந்தது. உன் கால்கள் வீங்கியிருந்தன, மூச்சு கனத்திருந்தது. மருத்துவமனை வண்டி கிளைக்கு அப்பால் நின்றது, நாம் இப்பால் இருந்தோம்.

உன்னை நாற்காலியோடு தூக்கிக் கிளைக்கு அடியில் கடத்திவிடலாம் என்று நான்கு பேர் முன்வந்தார்கள். விதிகளை மீறாதவன் என்று பெயரெடுத்த நானும், "இரண்டு நிமிடந்தானே" என்றேன்.

"அந்த ரெண்டு நிமிஷத்துல அது விழாதுன்னு எழுதித் தர்றியா?" என்றாய். "என் ஒருத்தனுக்காக நாலு பேர் அதுக்குக் கீழ நிக்கணுமா? டிராக்டர் வரட்டும்."

உன் மனைவி கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "பாத்தீங்களா அண்ணா, ஊர்ல எல்லாரும் பத்திரமா இருக்கணும். இவர் உடம்பு மட்டும் கணக்குல வராது."

ஏலூர் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நீ. அன்று உன் வீட்டுப் படியில், மரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபடியே அந்தச் சந்தை உன் பணியிடமாக்கிக்கொண்டாய். மேலே போகும் மின்கம்பியில் மின்சாரம் இல்லை என்று மின்வாரிய ஊழியர் நேரில் வந்து சொல்லும்வரை ஒரு கயிற்றையும் தொட விடவில்லை. அனில் கயிற்றை டிராக்டரின் பின்புறம் உயரத்தில் கட்டப் போனான். அவிழ்த்துக் கீழேயுள்ள கொக்கியில் மாட்டச் சொன்னாய். மேலே கட்டி இழுத்தால் வண்டியின் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும் என்றாய். கிளையின் நீளத்தைவிட அதிகமான கயிறு வேண்டும் என்றாய்.

"ஒரே வலி சேட்டா, ஒரே இழுப்புல வந்துடும்," என்று அப்பாலிருந்து கத்தினான் அனில்.

"வரும். எங்க வரும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். அவன் சிரித்துவிட்டு நீளமான கயிற்றை எடுத்தான்.

இன்னொரு சிக்கல் மீதமிருந்தது. இன்ஜின் ஓடும்போது உன் குரல் அவனை எட்டாது. எட்டினாலும், தெருவே மூன்று மொழிகளில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. நீ உன் கறுப்புக் குடையைக் கேட்டு வாங்கினாய். மூடியிருந்தால் மெதுவாக இழுக்கலாம்; விரிந்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும்; தரையில் வைத்தால் வேலை முடிந்தது. அனில் பின்னால் திரும்பிக் குடையைப் பார்த்தபடியே ஓட்ட வேண்டும்.

இழுக்கத் தொடங்கும் முன்பே தூறல் விழுந்தது. முனையில் சாயாக்கடை வைத்திருக்கும் உம்மர் இக்கா குடையை விரித்தார். நீ கைதட்டி மூடச் சொன்னாய்.

"மழைக்குப் பிடிக்காம பின்னே வெயிலுக்கா பிடிக்கணும்?" என்றார் இக்கா.

"உங்க குடை விரிஞ்சா அனில் நிறுத்திடுவான், இக்கா. அப்புறம் நான் நாளைக்குத்தான் ஆஸ்பத்திரி போக முடியும்."

இக்கா குடையை மூடினார். பிறகு நான் பார்த்த காட்சியை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. மழை வலுத்தது. சந்தின் இருபுறமும் நின்றவர்கள் அனைவரும் கையில் குடையோடு, குடையை விரிக்காமல், தொப்பலாக நனைந்துகொண்டு நின்றார்கள்.

நீ இரண்டு முறை விரித்தாய். கைப்பேசியில் படமெடுக்க ஒருவர் விறைத்து நின்ற கயிற்றைத் தாண்டியபோது ஒரு முறை. கிளை முறுக்கிக்கொண்டு மதில் பக்கம் புரளப் பார்த்தபோது மறுமுறை. இரண்டு முறையும் இன்ஜின் அடங்கியது. எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. கோமதி கடிகாரத்தைப் பார்த்தாள், நீ பார்க்கவில்லை. கடைசியில் கிளை யாரையும் தொடாமல் தெருவில் இறங்கியது. நீ குடையைத் தரையில் வைத்தாய். சந்து முழுவதும் குடைகள் ஒரே சமயத்தில் விரிந்தன. இக்கா தம் குடையை உன் தலைக்குமேல் பிடித்தபடி வண்டிவரை நடந்து வந்தார்.

அதன்பின் சில ஆண்டுகள் எங்களோடு இருந்தாய். உன்னைக் கொண்டுபோனது நோய்தான். அந்த நாளின் தாமதத்துக்கு அதில் பங்கில்லை என்று மருத்துவர் சொன்னதைக் கோமதி இன்றும் எனக்கு நினைவூட்டுகிறாள்.

இன்று உன் குடையோடு உன் படியில் நான் நின்றேன். பாதி வேலையில் மழை வந்தது. ஒருவரும் சொல்லாமலே எல்லாக் குடைகளும் மூடியே இருந்தன. கயிறு கிளையில் வழுக்குவதைக் கண்டேன். நனைந்து நிற்கும் அத்தனை பேர் முன்னால் நிறுத்தச் சொல்ல என் கை தயங்கியது. விரித்தேன். அனில் நிறுத்தினான். நான் காக்க வைத்தது பிறரை. அன்று நீ காக்க வைத்தது உன்னையே. குடையின் எடை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கயிற்றை மாற்றிக் கட்டி இழுத்தார்கள். கிளை பத்திரமாக இறங்கியது. குடையைத் தரையில் வைத்தேன். சந்து முழுவதும் குடைகள் விரிந்தன. உன்னுடையதை மட்டும் எடுத்து, மூடியபடியே மழையில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் தலை நனையாமலிருக்க அதை விரிக்க இதுவரை எனக்குக் கை வந்ததில்லை.