வேப்பமரத்தில் நீ கட்டிய நூல்

நூம்பல்,
புரட்டாசி, ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா கிருஷ்ணப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், எங்கள் சர்க்கரையும் பிரஷரும் எங்களைவிட சௌக்கியம். அங்கே நெதர்லாந்தில் நீ மழையில் நனையாமல் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று உன் அம்மா வேண்டிக்கொள்கிறாள், நான் வேண்டுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் ரெயின்கோட் போட்டுக்கொள் என்று மட்டும் சொல்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் மாதா மாதம் போகிற வேப்பிலைப் பார்சலோடு இதையும் சேர்த்து அனுப்புகிறேன், கடைசி வரைக்கும் படி.

எல்லாம் நீ பண்ணின வேலை. பொங்கல் லீவுக்கு வந்தவள் பக்கத்துக் காலி மனை வேப்பமரத்தில் ஏறி இறங்கி, என் ஆராய்ச்சிக்கு நூல் கட்டின கிளைகளின் இலையை மட்டும் மாதா மாதம் பறித்து அனுப்பு, கையுறை போடு, இடுக்கியால் பிடி, மேலே மூச்சு விடாதே என்று எனக்கு டியூட்டி போட்டுவிட்டுப் போனாய். இலை மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பாக்டீரியாக் கூட்டமே குடியிருக்கிறது, வெயில், மழை, லாரிப் புழுதி, காக்கா எச்சம், இலையின் கசப்பு எல்லாம் சேர்ந்துதான் யார் தங்குவது யார் கிளம்புவது என்று முடிவு பண்ணுகிறது, முதலில் வந்தவன் இடத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருகிறவன் பாடு கஷ்டம் என்று நீ விளக்கினபோது, நம்ம நூம்பல் ப்ளாட் கதைதானே என்று கேட்டேன், நீ முறைத்தாய். சரி, அடையாளத்துக்கு நூல் கட்டினாயே, உலகத்தில் நீலம் இல்லையா, பச்சை இல்லையா? மஞ்சளும் சிவப்புமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறாய். வேப்பமரத்தில் மஞ்சள் நூலைப் பார்த்தால் இந்த ஊர் என்ன பண்ணும் என்று தெரியாமலா உன்னை அவ்வளவு படிக்க வைத்தோம்.

மாசி முடிவதற்குள் எதிர் வீட்டு சாமுண்டீஸ்வரி மரத்தில் குங்குமம் வைத்துவிட்டாள். பங்குனியில் அவள் வீட்டுக்காரருக்கு விட்டு விட்டு வந்த காய்ச்சல் நின்றது, மாத்திரைக்குக் கிடைக்க வேண்டிய பேர் மரத்துக்குப் போனது. அப்புறம் மஞ்சள் தண்ணீர், பால், சாம்பிராணி, மரத்துக்கு ஒரு சிவப்புப் புடவை, ஆடியில் கூழ். இது ஆராய்ச்சிக்குக் கட்டின நூல் என்று தெருவில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பினேன். உன் அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "கட்டினது நம்ம பொண்ணுதான். கட்ட வச்சது யாரு?" என்றாள். போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு சமையல்கட்டுக்குத் திரும்பினேன். நீயும் கண்ணுக்குத் தெரியாததை இருக்கிறது என்கிறாய், அவளும் அதையேதான் சொல்கிறாள், நடுவில் நான் ஒருத்தன் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

ஆடி மாத இலையைப் பார்த்துவிட்டு நீ போன் பண்ணினாய். வழக்கமாக இருக்கிற கூட்டத்தைக் காணோம், தயிர்ச் சட்டியில் இருக்க வேண்டியதெல்லாம் இலையில் இருக்கிறது, என்ன பண்ணினீங்க என்று கேட்டாய். பால், மஞ்சள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அழுதாய். மழைக்கு அப்புறம் பறிக்கிற இலையும் இதே மரத்திலிருந்து வந்தால்தான் உன் படிப்பு முடியும், எல்லாம் பாழ், இதற்கு அந்த மரத்தை வெட்டியே போட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். வெட்டத்தான் வந்தார்கள் பாப்பா. அதைச் சொல்ல நீ விடவில்லை.

ஆவணி பிறந்ததும் மனைக்காரர் ஹேமநாதன் வீடு கட்டுவதற்கு ஜேசிபியோடு வந்து இறங்கினார். வண்டி ஓட்டுகிறவன் மரத்தையும் புடவையையும் பார்த்தான், இன்ஜினை அணைத்தான். "சார், என்னால ஆவாது. ஊட்ல புள்ளகுட்டிங்க கீது" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். தெருவே கூடிவிட்டது. ஹேமநாதன் நேராக என்னிடம் வந்தார். நீங்கள் ஆவடி ஃபேக்டரியில் ராணுவ டாங்கி செய்தவர், கோவில் வாசல் மிதிக்காதவர், சாமி என்று சொன்னாலே சண்டைக்கு வருகிறவர், நீங்களே சொல்லுங்கள், இது எவனோ கட்டின நூல்தானே என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவரே கோடாலியைத் தூக்கியிருப்பார். நான் மேலே பார்த்தேன். நீ கட்டின நூல் எல்லாம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, இறுக்கத் தெரியாமல் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறாய். "ராத்திரியில சலங்கை சத்தம் கேக்குதுங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

ஹேமநாதன் முகம் சுண்டிப்போனது. இப்போது ப்ளானை மாற்றி அந்த மூலையை விட்டுக் கட்டுகிறார். எனக்குத்தான் ஆயுள் தண்டனை. சலங்கை கேட்ட காது என்று தெருப் பெண்கள் என் காதையே பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுவது நான்தான். நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஃபேக்டரி நண்பர் முகமது இஸ்மாயில் கண்ணில் மாட்டிக்கொண்டேன், அவர் சிரித்த சிரிப்பு அம்பத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும். கையுறையும் இடுக்கியுமாக நான் இலை பறிக்கப் போனால் சாமுண்டீஸ்வரி மணி அடிக்கிறாள்.

நம் மொட்டை மாடிப் பக்கம் சாய்ந்த கிளையிலும் நீ நூல் கட்டியிருக்கிறாய், முட்டி வலிக்குப் பயந்து இதுவரைக்கும் நான் அங்கே ஏறவில்லை, இந்த மாதம் ஏறிப் பறித்துவிட்டேன். அது தெருவில் யார் கைக்கும் எட்டாது, பாலும் மஞ்சளும் போகவில்லை, சாம்பிராணிப் புகை மட்டும் போகும். அந்த இலையைத் தனியாகவும் கீழ்க்கிளை இலையைத் தனியாகவும் போட்டு அனுப்பியிருக்கிறேன். உனக்கு உதவுமா உதவாதா என்று எனக்குத் தெரியாது. உதவாவிட்டால் போன் பண்ணித் திட்டு, நீ திட்டாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. எனக்கு அம்மனும் தெரியாது, உன் பாக்டீரியாவும் தெரியாது. காலையில் ஜன்னலைத் திறந்தால் நீ போட்ட முடிச்சு தெரிகிறது, அது மண்ணில் விழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, அதனால்தான் பொய் சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா அரைத்த பருப்புப்பொடி தனிக் கவரில் இருக்கிறது, அதை லேபில் கொண்டுபோய் வைத்துவிடாதே. எடுத்த படிப்பை முடித்து, பேருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டு, நீ நினைத்த மாதிரி நிறைவாக இருக்க வேண்டும், இது அப்பாவின் ஆசி. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். மழை முடிந்து நீ வரும்போது தெருவே உன்னை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகும். இது நான் கட்டினது என்று வாயைத் திறந்துவிடாதே. செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, கொடுக்கிற குங்குமத்தை வாங்கி வைத்துக்கொள். பக்கத்தில் நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருப்பேன்.

கையில் கற்பூர வாசனையோடு,
உன் அப்பா,
வரதன்